பாட்டிக்கு விளக்கேற்றுவது யார்?

1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் இறக்குவானை உள்ளிட்ட இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் விரட்டப்பட்டன. பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறினர். 2003, 2017 மே மாதங்களில் மண்சரிவும் வெள்ளமும் வீடுவாசலைப் பறித்தன. பிள்ளைகளோ கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் வேலைக்குப் போகிறார்கள். இப்படிக் குடும்பம் சிதறும்போது லயத்தில் தனித்துப்போவது பாட்டிதான். அவருக்குக் கஞ்சி ஊட்டவும் குளிப்பாட்டவும் வருகிறவர் வேறு சமயத்தவராக இருக்கலாம். இவ்விருவரிடையே மெய்யான நட்பு வளருமா?

அன்னை தெரேசா 1952இல் கல்கத்தாவில் காளி கோயிலை ஒட்டிய யாத்திரிகர் மடத்தில் 'நிர்மல் ஹிருதய்' இல்லத்தைத் தொடங்கினார். தெருவில் சாகக் கிடந்தோரை அங்கே கொண்டுவந்து பராமரித்தார்கள். மதம் மாற்றவே வந்திருக்கிறார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. ஆனால் இறக்கும் வேளையில் இந்துவுக்குக் கங்கை நீர், முஸ்லிமுக்குக் குர்ஆன் ஓதுதல், கத்தோலிக்கருக்கு நோயில் பூசுதல் என்பதே அவ்வில்லத்தின் முறையாகச் சொல்லப்பட்டது. எனினும் இரகசியமாக ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டதாகச் சபையை விட்டு விலகிய ஒருவர் பின்னர் எழுதினார்.

அந்தக் குற்றச்சாட்டை நாம் ஒதுக்கிவிடக் கூடாது. படுக்கையில் கிடப்பவர் எழுந்து போக முடியாதவர். மறுத்துப் பேசவும் பலமில்லாதவர். அவருடைய பலவீனத்தைப் பயன்படுத்தினால், எந்தச் சமயத்தின் பெயரால் செய்தாலும், அது நட்பு ஆகாது.

1979இல் நோபல் பரிசு உரையில் அன்னை தெரேசா ஒரு பெண்ணை நினைவுகூர்ந்தார். தெருவிலிருந்து எடுத்துவந்து படுக்கவைத்த அப்பெண், அவர் கையைப் பற்றி நன்றி சொல்லிவிட்டு உயிர்விட்டார். தாம் கொடுத்ததைவிட அப்பெண் தமக்குக் கொடுத்ததே அதிகம் என்றார் அன்னை. கொடுப்பவரும் பெறுபவராகும்போதுதான் நட்பு பிறக்கிறது.

ஆகவே ஊரை விட்டுப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். மருந்தையும் சாப்பாட்டையும் சொல்லிக் கொடுப்பதோடு, அம்மா கும்பிடும் முறையையும் சொல்லிக் கொடுங்கள். விபூதியா, செபமாலையா, போயா நாளில் பணை கேட்பதா, தொழுகைக்கு முன் கைகால் கழுவத் தண்ணீரா? இறுதிச் சடங்கு எப்படி நடக்க வேண்டும் என்பதையும் மறைக்காமல் பேசிவையுங்கள்.

பராமரிக்கும் சகோதரியே, நீர் நம்பாத விளக்கை ஏற்றுவதால் உமது விசுவாசம் குறையாது. கை நடுங்கும் பாட்டிக்காகத் திரியைத் தூண்டிவிடுங்கள். பாட்டிமாரே, அவளும் ஒரு வீட்டை விட்டுவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் பிள்ளை சாப்பிட்டதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.