கழற்றக் கழற்ற மைலேஜ்

உள்ளே வாருங்கள், ஆனால் பார்த்துக் கால் வையுங்கள். செகந்திராபாத், மாரேட்பள்ளி. ஞாயிறு காலை ஆறரை மணி. போர்ட்டிகோ முழுக்க நட்டும் போல்ட்டும் இறைந்து கிடக்கின்றன. நடுவில் ஒரு பழைய ஸ்கார்பியோ, கொக்கு மாதிரி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதன் பக்கத்தில் தரையோடு தரையாகப் படுத்திருப்பவர் என் சித்தப்பா.

“டார்ச்சை ஒழுங்காப் பிடிடா. என் மூஞ்சியில இல்ல, டிஸ்க்ல!”

வண்டியின் நம்பர் பிளேட்டே ஒரு சரித்திரப் பாடம். ‘ஏ.பி. 10’. 2007-ல் ஆந்திரப் பிரதேசத்தில் பதிவான வண்டி. 2014-ல் மாநிலம் பிரிந்தபோது, நின்ற இடத்தில் நின்றபடியே தெலங்கானாவுக்குக் குடிபோய்விட்டது. புது வண்டிகளுக்கு டி.எஸ். வந்தது, 2024-ல் டி.ஜி. வந்தது. இந்தக் கிழம் எதற்கும் அசையவில்லை. பதினைந்து ஆண்டு முடிந்ததும் தகுதிச் சோதனையில் தேறி, ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டு ஓடுகிறது. ஒரே குறை, டீசலைத் தண்ணீராகக் குடிக்கிறது.

இரட்டை நகரான ஹைதராபாத்தில், பகதூர்புராவில், சுதா கார்ஸ் மியூசியம் இருக்கிறது. சுதாகர் யாதவ் என்பவர் பழைய இரும்பைச் சேர்த்து ஷூ, கைப்பை, கிரிக்கெட் மட்டை வடிவங்களில் கார் செய்து, அவற்றை ஓட்டியும் காட்டியவர். 2005-ல் உலகின் மிகப் பெரிய மூன்று சக்கர சைக்கிளைச் செய்து கின்னஸில் ஏறியவர். அவர் இரும்பைக் காராக்கினார். சித்தப்பா மைலேஜுக்காகக் காரிலிருந்து இரும்பைக் கழற்றுகிறார்.

முதல் பலி, முன்னால் துருத்திக்கொண்டிருந்த பம்பர் கார்டு. வாங்கிய புதிதில் ராணிகஞ்சில் ஆசை ஆசையாகப் போட்டது. காற்றைக் கிழிப்பதற்குப் பதில் கலக்கிவிடும் கனமான குழாய். இடித்தால் எதிரே நடந்து வருபவருக்கு எமன். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதற்குத் தடை சொல்லிவிட்டது. ஆறு போல்ட்டில் மூன்று துருப்பிடித்து இறுகிப்போயிருந்தன. எண்ணெய் விட்டு, தட்டி, கெஞ்சி, கடைசியில் ரம்பத்தால் அறுத்தோம்.

இரண்டாவது, கூரைமேல் இருந்த கேரியர். வருடத்தில் ஒரு முறை திருப்பதிக்கோ தஞ்சாவூருக்கோ போகும்போது பெட்டி ஏற்ற வாங்கியது. மீதி நாளெல்லாம் காலியாகவே ஊர் சுற்றியது. மூன்றாவது, பின்சீட்டுக்குப் பின்னால் இருந்த பொக்கிஷக் குகை. இரண்டு காலி கேன், ஒரு கிரிக்கெட் கிட், யாரோ கொடுத்த டைல்ஸ் பெட்டி, சித்தி நான்கு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த இட்லிக் குண்டான்!

அதன் பிறகுதான் இந்த ஒற்றைக்கால் தவம். ஜாக்கியால் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் முட்டுக்கொடுத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட வேண்டும். வலது சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நிதானமாக நின்றது. இடது சக்கரம் பாதிச் சுற்றிலேயே ‘சர்ர்ர்’ என்று முனகி நின்றது. பிரேக் காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் பின்கள் (pins) காய்ந்து இறுகியதால், பெடலிலிருந்து காலை எடுத்தாலும் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டிருந்திருக்கிறது! ஒரு காலில் சங்கிலி கட்டிக்கொண்டு எத்தனை மாதம் ஓடியதோ. அந்தப் பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கென்றே உள்ள கிரீஸைத் தடவி மாட்டினோம். சுழற்றினால் இப்போது பம்பரம். நானும் சித்தப்பாவும் கை தட்டிக்கொண்டோம். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

அடுத்து பானெட். டர்போவிலிருந்து காற்று போகும் ரப்பர் குழாயின் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு. சோப்புத் தண்ணீரைத் தெளித்து, என்னை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொன்னார். குமிழி குமிழியாக வந்தது. எரிப்பதற்கென்று அழுத்தி அனுப்பும் காற்று வழியிலேயே நழுவிக்கொண்டிருக்கிறது. வண்டி கறுப்புப் புகை கக்கிய ரகசியம் இதுதான். கிளாம்பை மாற்றி இறுக்கியதோடு அந்தக் கதை முடிந்தது. டயர்க் காற்றையும் அதிகாலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி நிரப்பினோம்.

சபலங்களும் வராமல் இல்லை. டீசல் குழாயில் காந்தம் கட்டினால் மைலேஜ் கூடும் என்றார் ஒரு நண்பர். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைச் சோதித்திருக்கிறது. தேறியவை வெகு சில, அவற்றின் பலனும் சொற்பம். கிரில்லை அட்டையால் அடைக்கலாமே என்றேன் நான். “பனி ஊர்க்காரன் செய்வான். நம்ம ஊர் மே மாசத்துல அடைச்சா ரேடியேட்டர் பிரியாணி வடிக்கும்” என்றார். இன்ஜினை மாற்றுவது, சேஸிஸை வெட்டுவது போன்ற பேச்சே கிடையாது. தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்களை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை அழுத்திச் சொன்னது.

ஆனால் காற்றின் போக்கை ஆராயத் தடையில்லை. 1970-களில் நாசா பொறியாளர்கள் ஒரு வேனை அலுமினியத் தகட்டால் மூடிச் செங்கல் மாதிரி சதுரமாக்கி ஓட்டினார்கள். பிறகு விளிம்புகளை வளைவாக்கி ஓட்டினார்கள். காற்றுத் தடை பாதிக்குமேல் குறைந்தது. எங்களிடம் இருந்த ஆய்வுக் கருவி சித்தியின் ஸ்வெட்டர் நூல். விரல் நீளத்துக்கு நறுக்கி, கேரியரைக் கழற்றும் முன்பே கூரையிலும் முன்கதவிலும் டேப்பால் ஒட்டிவிட்டு, சித்தப்பா ஸ்கார்பியோவை ஓட்ட, பக்கத்திலும் பின்னாலுமாகத் தம்பி ஓட்டி வந்த இன்னொரு காரிலிருந்து நான் படம் பிடித்தேன். முன்கதவில் நூல்கள் வகிடெடுத்த தலைபோல் படிந்திருந்தன. கேரியருக்குப் பின்னால் இருந்தவையோ சாமி வந்ததுபோல் ஆடின! அந்த ஆட்டத்துக்கெல்லாம் டீசல்தான் படியளந்திருக்கிறது.

பலன் எவ்வளவு? அதற்கு ஹைதராபாத் ஓர் அற்புதமான சோதனைக்கூடம் தந்திருக்கிறது. நகரைச் சுற்றி 158 கிலோமீட்டர் அவுட்டர் ரிங் ரோடு. தக்காணத்து மேடு பள்ளம், எதிர்க்காற்று, பின்காற்று எல்லாம் ஒரு முழுச் சுற்றில் பெரும்பாலும் கழிந்துபோகும், கிளம்பிய இடத்துக்கே திரும்புகிறோமே. வேக உச்சவரம்பு 120. நாங்கள் இடப்பக்கத் தடத்தில் 80-ஐத் தாண்டவில்லை. 80-ல் இருக்கும் காற்றுத் தடை 120-ல் இரண்டேகால் மடங்காகிவிடும். கழற்றுவதற்கு முன் ஒரு சுற்று, பின் ஒரு சுற்று. அதே பங்க், அதே குழாய், தானாக நிற்கும் வரை டேங்க் ஃபுல், அதே இரண்டு பேர்.

இரண்டாம் சுற்று முடிந்து பங்கில் மீட்டர் ஓடியபோது சித்தப்பா மூச்சுவிடவில்லை. குழாய் ‘டக்’ என்று நின்றது. முன்பைவிட ஒன்றரை லிட்டருக்கும் மேல் குறைவு! இரானி சாயும் உஸ்மானியா பிஸ்கெட்டும் அவர் கணக்கில்.

பம்பர் கார்டு பழைய இரும்புக்காரரிடம் போனது. அந்தக் காசு அன்றைக்கே டீசலாக வண்டிக்குள் திரும்பி வந்தது. கேரியரையும் போட்டுவிடலாம் என்று சித்தப்பா தூக்கியபோது சித்தி பிடுங்கிக்கொண்டார். இப்போது அது மொட்டைமாடியில் நான்கு செங்கல் மேல் வேட்டி விரித்துக்கொண்டு, வடாம் உலர்த்துகிறது. சாலையில் எந்தக் காற்றோடு மல்லுக்கட்டியதோ, அதே காற்றுக்காக இங்கே காத்துக் கிடக்கிறது.