பிள்ளைகள் எழுதும் விண்டோஸ் புரோகிராம் எங்கே முட்டி நிற்கிறது?

கம்ப்யூட்டர் படிக்கும் நம் பிள்ளைகள் பலரும் சி ஷார்ப் மொழியில் முதல் சில வாரங்கள் உற்சாகமாகவே போகிறார்கள். கறுப்புத் திரையில் இரண்டு எண்களைக் கூட்டிக் காட்டும்வரை சிக்கல் இல்லை. பட்டன், எழுதும் பெட்டி, பட்டியல் எல்லாம் உள்ள ஒரு ஜன்னலைத் திரையில் கொண்டுவரும் கட்டத்தில்தான் திணறல் தொடங்குகிறது. ஒரு வாரம் முட்டிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார்கள். ஃபீஸ் கட்டிய வாப்பாவும் "இவனுக்கு இது வராது போல" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்.

அந்த முடிவு அவசரமானது. புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மிகச் சில. எல்லோரும் அதே இடங்களில்தான் விழுகிறார்கள். விஷுவல் ஸ்டுடியோவில் 'விண்டோஸ் ஃபார்ம்ஸ்' முறையில் எழுதுவதை வைத்தே இங்கே பேசுவோம். 2002ல் வந்த பழைய முறை என்றாலும், கற்றுக்கொள்ள எளிது. எடுத்துக்காட்டாக மஹல்லா சந்தா கணக்கை எடுத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் படிக்கும் பையன் ஒருவன் இருந்தால் ஜமாஅத்தில் முதலில் கேட்பது அதைத்தானே!

சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தாலே பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள். அது உதவி என்பதை முதலில் புரியவைக்க வேண்டும். மதரஸாவில் நஹ்வு படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஜைது அம்ரை அடித்தார் என்ற வாக்கியத்தில் ஒரு பேஷும் ஒரு ஜபரும் இடம் மாறினால் அடித்தவர் அடிபட்டவர் ஆகிவிடுவார். சி ஷார்ப்பும் அப்படித்தான். பெரிய எழுத்தில் தொடங்கும் 'டோட்டல்' வேறு, சிறிய எழுத்தில் தொடங்கும் 'டோட்டல்' வேறு. ஒரு அடைப்புக்குறி விடுபட்டால் இருபது பிழைகள் வரிசையாக வந்து நிற்கும். இருபதையும் திருத்தப் போக வேண்டாம். முதல் பிழையை மட்டும் திருத்திவிட்டு மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் மற்றவை தாமாகவே போய்விடும்.

அடுத்த புகார், "பட்டனை அமுக்கினால் ஒன்றுமே நடக்கவில்லை" என்பது. டிசைனில் பட்டனை இரண்டுமுறை கிளிக் செய்யும்போது விஷுவல் ஸ்டுடியோ இரண்டு வேலை செய்கிறது. நாம் எழுத வேண்டிய செயல்பாட்டுக்கு இடம் ஒதுக்குகிறது. 'இந்தப் பட்டன் அமுக்கப்பட்டால் இதைக் கூப்பிடு' என்ற இணைப்பு வரியையும் டிசைனர் என்ற தனிக் கோப்பில் எழுதுகிறது. வேறு எங்கிருந்தோ செயல்பாட்டை மட்டும் காப்பி செய்து ஒட்டினால் அந்த இணைப்பு வராது. ப்ராப்பர்டீஸ் பகுதியில் மின்னல் படம் போட்ட இடத்தில் போய் இணைத்துக்கொள்ள வேண்டும். இதன் மறுபக்கமும் உண்டு. தவறுதலாகக் கிளிக் செய்து உருவான செயல்பாட்டை அழித்துவிட்டால், இணைப்பு வரி மட்டும் டிசைனர் கோப்பில் அநாதையாக நின்று பிழை காட்டும். அந்த ஒரு வரியை நீக்கினால் போதும். புராஜெக்ட்டையே அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தேவையே இல்லை.

ஜன்னல் வெளுத்து, தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வருவதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். கறுப்புத் திரைப் புரோகிராம் மேலிருந்து கீழாக ஓடி முடிந்துவிடும். ஜன்னல் புரோகிராம் அப்படியல்ல, அது காத்திருக்கும். மவுஸ் நகர்ந்தது, பட்டன் அமுக்கப்பட்டது, ஜன்னலை மறுபடி வரைய வேண்டும் என்று விண்டோஸ் அனுப்பும் செய்திகள் வரிசையில் நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்க ஒரே ஒரு இழை மட்டும் இருக்கும். டிக்கெட் கவுண்டரில் ஒரே ஆள் உட்கார்ந்திருப்பதைப் போல. சந்தா செயல்பாட்டுக்குள் ஐயாயிரம் ரசீதுகளைப் படித்துக் கூட்டும் வேலையைப் போட்டுவிட்டால் அந்த ஆள் எழுந்து உள்ளே போய்விடுகிறார். வரிசை அப்படியே நிற்கிறது. சுமார் 5 விநாடி எந்தச் செய்தியும் எடுக்கப்படாவிட்டால் விண்டோஸ் அந்த ஜன்னலைப் பதில் சொல்லாதது என்று குறித்துவிடும். புரோகிராம் செத்துவிடவில்லை, வேலையாக இருக்கிறது, அவ்வளவுதான். நீண்ட வேலையை 'டாஸ்க் ரன்' மூலம் வேறு இழைக்கு அனுப்பிவிட்டு, 'அவெய்ட்' கொண்டு அதன் பதிலுக்குக் காத்திருக்கச் சொல்வதே சரியான தீர்வு. 2012ல் வந்த சி ஷார்ப் 5 முதல் இந்த வசதி மொழியிலேயே இருக்கிறது. பின்னணி இழையிலிருந்து திரையில் உள்ள பெட்டியை நேரடியாகத் தொடக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

இதற்கு 'டூஈவென்ட்ஸ்' என்று ஒரு குறுக்கு வழியும் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வேலை பாதியில் இருக்கும்போதே வரிசையில் நிற்கும் செய்திகளையும் அது கவனிக்க வைக்கும். ஜன்னல் நகரவில்லையே என்று ஒருவர் 'சேமி' பட்டனை இரண்டாம் முறை அமுக்கியிருந்தால், முதல் பதிவு முடியும் முன்பே இரண்டாவது தொடங்கிவிடும். ஒரு வீட்டுக்கு ஒரே மாதத்தில் இரண்டு ரசீது! எந்த முறையில் எழுதினாலும், வேலை தொடங்கியதும் பட்டனை முடக்கி, முடிந்ததும் திறந்துவிடுவது நல்லது.

இரட்டை ரசீதுக்கு எந்தப் பிழைச் செய்தியும் வராது. நாம் அதிகம் அஞ்ச வேண்டியது இந்த வகையைத்தான். சந்தா கணக்கு ஊர்மக்களின் அமானிதம். அதில் சத்தமில்லாமல் நுழையும் தவறு மாதக் கணக்கில் தெரியாமல் இருக்கும்.

தேதியைப் பாருங்கள். 03/04/2024 என்று எழுதினால் நமக்கு அது ஏப்ரல் 3. அமெரிக்க அமைப்பில் இருக்கும் கம்ப்யூட்டர் அதையே மார்ச் 4 என்று படிக்கும். எழுதும் பெட்டியிலிருந்து வரும் தேதியை அப்படியே மாற்றும் புரோகிராம் அந்தக் கம்ப்யூட்டரில் மாதத்தின் 12ஆம் தேதிவரை எந்தப் புகாரும் இல்லாமல் ஓடும், ஆனால் தேதிகளைத் தவறான மாதங்களில் எழுதிக்கொண்டே இருக்கும். 13ஆம் தேதிதான் முதல் பிழை வரும், ஏனென்றால் பதின்மூன்றாவது மாதம் இல்லை. "நேற்றுவரை நன்றாக ஓடியதே" என்பார்கள். தேதியைத் தட்டச்சு செய்ய விடாமல் 'டேட்டைம்பிக்கர்' பெட்டியில் தேர்ந்தெடுக்க வைத்து, டேட்டாபேஸிலும் எழுத்தாக இல்லாமல் தேதி வகையாகவே சேமித்தால் இந்தத் தொல்லை இல்லை.

பெயர்களிலும் நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் பெயர் எழுதும்போது 'ஐன்' எழுத்தின் இடத்தில் ஒற்றை மேற்கோள் குறி போடுவது நம்மவர்களிடம் வழக்கம். டேட்டாபேஸுக்குக் கட்டளை அனுப்பும் எஸ்க்யூஎல் மொழியில் அதே குறிதான் எழுத்துத் தொடரின் முடிவு. பெயரை அப்படியே கட்டளையோடு ஒட்டி அனுப்பினால் பாதிப் பெயரிலேயே கட்டளை உடைந்துவிடும். தீய நோக்கம் உள்ளவர் அந்த ஓட்டை வழியாக டேட்டாபேஸையே அழிக்கவும் முடியும். பெயரை ஒட்டாமல் 'பாராமீட்டர்' ஆகத் தனியே அனுப்புவதே முறை. தமிழிலோ அரபியிலோ எழுதிய பெயர் வெறும் கேள்விக்குறிகளாக மாறியிருந்தால், எஸ்க்யூஎல் சர்வரில் அந்தப் பத்தியின் வகை 'வார்ச்சார்' என்று இருக்கிறதா பாருங்கள். 'என்வார்ச்சார்' என்று மாற்ற வேண்டும். ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமித்தவை திரும்பி வராது. அவற்றை மறுபடிதான் எழுத வேண்டும்.

"சேமித்தேன், மறுநாள் ஒன்றையும் காணோம்" என்பதும் அடிக்கடி கேட்கும் புலம்பல். டேட்டாபேஸ் கோப்பு இரண்டு பிரதிகளாக இருப்பது பிள்ளைக்குத் தெரிவதில்லை. ஒன்று புராஜெக்ட் ஃபோல்டரில், மற்றொன்று புரோகிராம் ஓடும் 'பின்' ஃபோல்டரில். கோப்பின் அமைப்பில் 'காப்பி ஆல்வேஸ்' என்று இருந்தால், ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் காலியான பழைய பிரதி வந்து நேற்றைய பதிவுகளின் மேல் உட்கார்ந்துவிடும். அதை மாற்றுவதோடு நிற்காமல், கணக்குக் கோப்பைப் புரோகிராமோடு வைக்காமல் பயனருக்குரிய 'ஆப்டேட்டா' ஃபோல்டரில் வைக்கப் பழக வேண்டும். 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரில் எழுத சாதாரணப் பயனருக்கு விண்டோஸ் அனுமதிப்பதில்லை என்பதால், நாளை முறையாக இன்ஸ்டால் செய்யும்போதும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

பிழை வந்தால் 'டிரை', 'கேட்ச்' போட்டு, கேட்ச் பகுதியைக் காலியாக விட்டுவிடுங்கள் என்று சில இடங்களில் சொல்லிக் கொடுக்கிறார்கள். இதை நாம் வன்மையாக மறுக்கிறோம். நோயாளியின் வாயைப் பொத்தி வலி நின்றுவிட்டது என்பது போன்றது அது. டேட்டாபேஸ் பதிவை ஏற்காதபோதும் திரையில் 'சேமிக்கப்பட்டது' என்று வந்தால், ரசீது கையில் இருக்கும், கணக்கில் பணம் இருக்காது. பிழையைக் காட்டுங்கள், கோப்பில் எழுதியும் வையுங்கள். எண் கேட்கும் பெட்டியைக் காலியாக விட்டால் வரும் பிழைக்கு 'டிரைபார்ஸ்' நல்ல மருந்து. ஆனால் அது 'ஆம், இல்லை' என்று சொல்லும் பதிலைக் கவனிக்காமல் விட்டால் தொகை 0 என்று பதிவாகிவிடும். பணத்துக்கு 'டபுள்' வேண்டாம், 'டெசிமல்' வகையே சரி.

மாற்றி எழுதிவிட்டு ஓட்டினால் 'கோப்பு வேறொன்றால் பயன்படுத்தப்படுகிறது' என்று வருகிறதா? பழைய பிரதி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. லாகின் ஜன்னலை மறைத்துவிட்டு அடுத்த ஜன்னலைத் திறந்திருப்பார்கள். இரண்டாவதை மூடினாலும் முதலாவது மறைவில் உயிரோடு இருக்கும். டாஸ்க் மேனேஜரில் போய் முடித்துவிட்டு, இரண்டாவது ஜன்னல் மூடும்போது முதலாவதையும் மூடும்படி எழுத வேண்டும்.

கடைசியாக, வீட்டில் ஓடியது ஜமாஅத் அலுவலகக் கம்ப்யூட்டரில் ஓடாமல் போவது. இஎக்ஸ்இ கோப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்துப் போனால் போதாது. கூட இருக்கும் டிஎல்எல் கோப்புகளும் வேண்டும். 2020ல் வந்த டாட் நெட் 5 முதல் எழுதும் புரோகிராமுக்கு 'டெஸ்க்டாப் ரன்டைம்' அங்கே தனியாக இருக்க வேண்டும், அல்லது 'செல்ஃப் கன்டெய்ன்ட்' முறையில் பப்ளிஷ் செய்து எல்லாவற்றையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும். ஆக்சஸ் டேட்டாபேஸ் என்றால், 'புரொவைடர் பதிவு செய்யப்படவில்லை' என்று ஒரு பிழை வரலாம். புரோகிராம் 64 பிட்டாகவும் அங்குள்ள ஆஃபீஸ் 32 பிட்டாகவும் இருந்தால் இது வரும். இரண்டையும் ஒன்றாக்கினால் தீரும். இவற்றைச் செயலாளர் முன்னால் நின்று கண்டுபிடிக்க வேண்டாம். விஷுவல் ஸ்டுடியோ இல்லாத பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றில் முதல்நாளே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.