உங்களுக்குத் தெரியுமா? ஜோடி முயலுக்கும் தனித்தனிக் கூண்டு!

குட்டிக்காக ஆணையும் பெண்ணையும் வாங்கினால், ஒரே கூண்டில் விடாதீர்கள்.

● பெண் முயலுக்குத் தன் கூண்டு தன் எல்லை. அங்கே நுழையும் ஆணைக் கடித்துக் குதறிவிடக்கூடும். எனவே இனச்சேர்க்கைக்குப் பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கூடவே இருந்து கவனித்து, சேர்ந்ததும் பிரித்துவிடுங்கள்.

● இணைசேர்ந்த பிறகே, சுமார் 10 மணி நேரத்தில், பெண் முயலின் கருமுட்டை வெளிப்படும். சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். 28-ஆம் நாளே வைக்கோல் பரப்பிய ஈனும் பெட்டியை வைத்துவிடுங்கள். தாய் தன் ரோமத்தைப் பிய்த்து மெத்தை அமைக்கும்.

● குட்டி ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி சினையாகக்கூடும். ஆண் உடனிருந்தால், பாலூட்டிக்கொண்டே அடுத்த கருவையும் சுமந்து தாய் நலிந்துபோகும்.

● தாய் நாளுக்கு ஓரிரு முறை, சில நிமிடங்களே பாலூட்டும். குட்டிகளைக் கைவிட்டதாக எண்ணிப் பதற வேண்டாம். அவற்றின் வயிறு நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் தினமும் பாருங்கள்.

● மூன்று மாதம் முடிவதற்குள் ஆண், பெண் குட்டிகளைப் பிரியுங்கள். பருவமடைந்த ஆண்கள் ஒன்றையொன்று கடுமையாகக் காயப்படுத்தும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு தேவை.

பிறக்கும் அத்தனை குட்டிகளுக்கும் இடமும் பராமரிப்பும் தர முடியும் என்றால் மட்டுமே இணைசேர விடுங்கள்.