காரணம் கேட்கும் சொல்

ஆங்கிலத்தில் 'பிரிஸ்யூமப்ளி' என்பதை 'ப்ராபப்ளி'யின் பகட்டான வடிவம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். தமிழில் இரண்டையும் 'வந்திருப்பார்', 'போயிருப்பார்' என்று ஒரே வினையில் சொல்லிவிட முடிவதால் வேறுபாடு கண்ணில் படுவதில்லை. ஆனால், ப்ராபப்ளி சொல்வது வாய்ப்பு எவ்வளவு என்பதை. பிரிஸ்யூமப்ளி சொல்வது வேறு: நான் உறுதிசெய்யவில்லை, அப்படி எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது, மாறாக ஏதும் தெரியவந்தால் விட்டுவிடுவேன். வழக்கே இதற்குச் சாட்சி. 'வெரி ப்ராபப்ளி' என்று அழுத்திச் சொல்லலாம். 'வெரி பிரிஸ்யூமப்ளி' என்று எழுதுவாரில்லை. வாய்ப்பு கூடும், குறையும். எடுத்துக்கொண்ட முடிவில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை.

இதன் வினைச்சொல்லான 'பிரிஸ்யூம்' சட்டத்தில் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், நீதிமன்றம் 'ஊகிக்கலாம்' என்பதையும் 'ஊகிக்க வேண்டும்' என்பதையும் தனித்தனியே வரையறுத்தது. பின்னதில், பொய்யென நிரூபிக்கப்படும்வரை அந்தச் செய்தியை மெய்யாகவே கொள்ள வேண்டும். அதே சட்டத்தின்படி, ஒருவர் உயிரோடு இருந்தால் இயல்பாக யாருக்குத் தகவல் வந்திருக்குமோ, அவர்களுக்கே 7 ஆண்டுகளாக எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்பவரே அதை நிரூபிக்க வேண்டும். அதன் இடத்துக்கு வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது. இங்கே யாரும் சதவீதம் கணக்கிடுவதில்லை. நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பதே கேள்வி.

ஆங்கிலேயர்களே பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான், பல வாக்கியங்களில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் பொருள் கெடாது. காரணம் இருக்கும் இடத்தில் வாய்ப்பும் இருப்பதால் வரும் ஒற்றுமை அது. மழைக்கு 70 சதவீத வாய்ப்பு என்ற கணக்கு கையில் இருக்கும்போது ப்ராபப்ளி பொருந்தும், பிரிஸ்யூமப்ளி ஒட்டாது. இன்னொரு வேலையும் ப்ராபப்ளிக்கு அவ்வளவாக வராது. 'ஒப்பந்தத்தைப் படித்திருப்பீர்களே' என்ற தொனியில் பிரிஸ்யூமப்ளி வந்தால், அது பாதிக் கேள்வி. படிக்கவில்லையென்றால் மறுத்துச் சொல்ல வேண்டியவர் எதிரில் இருப்பவர்தான். 'அமைச்சருக்குத் தெரிந்திருக்கும்' என்று ஒரு பத்தியாளர் இந்தச் சொல்லோடு எழுதும்போதும் அப்படியே: ஆதாரம் காட்டும் சுமை சத்தமில்லாமல் அமைச்சர் தலைக்கு மாறிவிடுகிறது. அதற்கு முன் எழுதியவர் தம் ஊகத்துக்கு ஒரு காரணமாவது காட்டியிருக்க வேண்டும். காட்டாதபோது அந்தச் சொல்லை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமையில்லை.