உங்களுக்குத் தெரியுமா? 1234 சொல்லும் ரகசியம்

திருவண்ணாமலையில் ஒரு மாணவர், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளத்தை, கியூஎமு என்ற மென்பொருள் உருவாக்கும் மெய்நிகர் கணினிக்குள் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதனங்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையை எண்களும் தெரியும்படி தட்டினால், அதன் வழக்கமான விஜிஏ அட்டைக்கு நேரே 1234:1111 என்று வரும். முதல் எண் தயாரிப்பாளரைக் குறிப்பது, அடுத்தது சாதனத்தை. அசல் இன்டெல் அட்டை என்றால் முதல் எண் 8086. 1978-இல் வந்த அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற சில்லின் பெயரே அது! இன்னொரு மெய்நிகர் கணினி மென்பொருளான விஎம்வேருக்கு 15ஏடி.

மெய்நிகர் கணினியை அடையாளம் காணும் நிரல்கள் பல இந்த எண்களைப் பார்க்கின்றன. ஆனால் நிஜ என்விடியா அட்டையையே மெய்நிகர் கணினிக்கு ஒப்படைக்கவும் முடியும். அப்போது உள்ளேயும் என்விடியாவின் எண்ணான 10டிஇ என்றே தெரியும். நிரலைச் சரிபார்ப்பவர்களே, அட்டையின் எண்ணை மட்டும் பார்த்து ‘இது நிஜக் கணினி’ என்று முடிவுகட்டும் வரியை அனுமதிக்காதீர்கள்.