காற்றுப் புகும் வழி

மோட்டார் எஞ்சினின் ஆற்றலைப் பெருக்க விரும்புவோர் சிலர், சிலிண்டர் தலையிலுள்ள காற்றுப் புழையை அரத்தால் அராவி அகலமாக்கிவிடுகின்றனர். புழை அகன்றால் காற்றின் விரைவு குறையும். குறைந்த சுழற்சியில் எரிபொருள் காற்றோடு செவ்வனே கலவாது. ஏற்றத்தில் வண்டி இழுக்கத் தயங்கும். பந்தயத்திற்கு அஃது ஏற்கலாம். நாள்தோறும் சாலையில் ஓடும் வண்டிக்கு ஏலாது.

திருத்த வேண்டிய இடம் வேறு. வால்வை நெருங்குமுன் புழை திரும்புகின்றதே, அவ்வளைவின் உட்புறம் கூராயிருப்பின் காற்று சுவரை விட்டு விலகிக் குழம்பும். வழி அகலமாயிருந்தும் பயன்படும் அகலம் குறுகிவிடும். (அரம் பிடித்த கைக்கு இஃது எளிதில் விளங்குவதில்லை.)

1948இல் வெளிவந்த ஜாகுவார் எக்ஸ்.கே. எஞ்சினுக்கு ஆங்கிலேயரான ஹாரி வெஸ்லேக் புழையை வளைத்தமைத்து, காற்று சிலிண்டருக்குள் சுழன்று இறங்குமாறு செய்தார். அந்த 3.4 லிட்டர் எஞ்சின் 160 குதிரைத்திறன் தந்தது. கண்மதிப்பை நம்பாது, காற்றோட்டத்தை அளந்து அளந்தே அவர் புழைகளைத் திருத்தினார்.