பில் போட்டதோடு கணக்கு முடிவதில்லை

மூன்று கிளைகள் உள்ள ஒரு சூப்பர் மார்க்கெட்டின் விற்பனைக் கணக்கைச் சில வருடங்களுக்கு முன் என்னிடம் பார்க்கக் கொடுத்தார்கள். அதிகம் வாங்குகிறவர்கள் யார் என்று பட்டியல் எடுத்ததும், முதலிடத்தில் வந்து நின்றது ஒரு கைபேசி எண். பத்து இலக்கமும் ஒன்பது. கைக்குழந்தைக்கான பால் பவுடர், முதியோர் டயப்பர், நாய் பிஸ்கட் எல்லாம் அந்த ஒரே எண்ணில் போயிருந்தன. ஒரே நிமிடத்தில் மூன்று கிளைகளிலும் பில் விழுந்திருந்தது.

பில்லிங்கில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். “நம்பர் தர மாட்டேங்கிறாங்க மேடம். நம்பர் போடாம பில் வராது. பின்னாடி கூட்டம் நிக்குது. அதான் ஒன்பதா தட்டிவிட்டுடுவேன்” என்றார். அவர் மீது தப்பே இல்லை. நம்பர் இல்லாமல் பில் போட வழி வைக்காத மென்பொருளின் குறை அது. ஆனால் இதைக் கவனிக்காமல் அந்தப் பட்டியலை நம்பியிருந்தால், இல்லாத ஒருவருக்காகக் கடைக்காரர் சரக்கு எடுத்திருப்பார்.

டேட்டா வேர்ஹவுஸ், அதாவது தரவுக் கிடங்கு அமைப்பது என் தொழில். சேர்த்த தரவைத் தோண்டி உறவுகளைக் கண்டுபிடிக்கும் டேட்டா மைனிங் என்றதும் எல்லோரும் கடைசியில் கிடைக்கும் கண்டுபிடிப்பைப் பற்றியே பேசுகிறார்கள். அதற்கு முன் நடக்கும் சேர்ப்பு வேலையையும் சுத்தம் செய்யும் வேலையையும் பேச ஆளில்லை. உண்மையில் பாடுபடுவது அங்கேதான்.

பில்லிங் மென்பொருளுக்கு இன்றைய நாள் போதும். என்ன விற்றது, எவ்வளவு இருப்பு, கல்லாவில் எவ்வளவு பணம் என்பதோடு அதன் வேலை முடிந்தது. ‘போன வருடம் ஆடி மாதத்தில் எந்தக் கிளையில் எது விற்றது?’ என்று அதனிடம் கேட்டால் திணறும். அது தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் கவுன்ட்டரில் பில் ஓடாது. அதனால் கணக்கையெல்லாம் தனியாக ஓரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். பெரும்பாலும் கடை சாத்திய பிறகு, இரவில் இந்த வேலை நடக்கும்.

இப்படிப்பட்ட கிடங்கு எப்படி இருக்க வேண்டும் என்று அமெரிக்கரான பில் இன்மன் 1992இல் ஒரு புத்தகத்தில் வரையறுத்தார். வாடிக்கையாளர், பொருள், விற்பனை என விஷயவாரியாக அடுக்க வேண்டும். பல இடத்துக் கணக்கும் ஒரே முறைக்கு வர வேண்டும். காலம் பதிவாக வேண்டும். உள்ளே வந்ததை அழிக்கக் கூடாது. இந்த நான்கும்தான் இன்றைக்கும் அடிப்படை.

கேட்கச் சுலபம். செய்யும்போதுதான் தெரியும். நான் சொன்ன கடையில் ஐந்து கிலோ அரிசிப் பைக்கு மூன்று பெயர். ஒரு கிளையில் ‘பொன்னி புழுங்கல் 5 கிலோ’, இன்னொன்றில் ‘பொ.பு. 5’, மூன்றாவதில் ‘அரிசி பொன்னி சின்னது’. பார்க்கிற மனிதருக்கு ஒரே அரிசி. கம்ப்யூட்டருக்கு மூன்று பொருள். பார்கோடு ஒட்டி வரும் சரக்கில் இந்தத் தொல்லை குறைவு. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரின் மார்ஷ் கடையில் ஒரு சூயிங்கம் பாக்கெட் முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது. பொருள்வாரியான விற்பனைக் கணக்கு என்ற, இந்தத் தொழிலுக்கு வேண்டிய கச்சாப்பொருள் அன்றுதான் கிடைக்கத் தொடங்கியது. ஆனால் கடையிலேயே எடை போட்டுக் கட்டும் அரிசிக்கும் பருப்புக்கும் யாராவது உட்கார்ந்துதான் பெயரை ஒழுங்குபடுத்த வேண்டும்.

சரி, சேர்த்தாகிவிட்டது. இனி எதோடு எது விற்கிறது என்று பார்க்கலாம். 5,000 பொருள் உள்ள கடையில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் சுமார் 1.25 கோடி ஜோடிகள். மும்மூன்றாகச் சேர்த்தால் 2,000 கோடியைத் தாண்டும். அத்தனையையும் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்த ராகேஷ் அகர்வாலும், சென்னை ஐஐடியில் படித்த ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும் 1994இல் ‘அப்ரியோரி’ என்ற வழிமுறையை வெளியிட்டார்கள். ஒரு பொருள் தனியாகவே அரிதாக விற்றால், அது இடம்பெறும் எந்த ஜோடியும் அரிதாகத்தான் விற்கும். அதனால் அவற்றை எண்ணவே வேண்டாம். இந்த ஒரு யோசனையில் பெரும்பகுதி வேலை கழிந்துவிடுகிறது.

மிச்சமிருப்பதிலும் ஏமாற இடம் உண்டு. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1,000 பில், அதில் 100 பில்லில் இட்லி மாவு. அந்த நூறில் 70இல் பாலும் இருக்கிறது. மாவுக்கும் பாலுக்கும் உறவு என்று சொல்லத் தோன்றும். ஆனால் மொத்த 1,000 பில்லிலும் 700இல் பால் இருந்தால், மாவு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் 70 சதவீதம் பேர் பால் வாங்குகிறார்கள். உறவு எதுவும் இல்லை. தேங்காயைப் பாருங்கள்: மொத்தத்தில் 200 பில்லில்தான் இருக்கிறது, அதாவது 20 சதவீதம். மாவு வாங்கிய நூறு பேரிலோ 60 பேர் வாங்கியிருக்கிறார்கள். மூன்று மடங்கு. இதைத்தான் ‘லிஃப்ட்’ என்கிறோம். ஒன்றுக்கு மேல் எவ்வளவு போகிறதோ, அவ்வளவு கவனிக்க வேண்டிய உறவு.

பீரும் டயப்பரும் சேர்ந்து விற்ற கதையை அமெரிக்கக் கடை நிறுவனமான வால்மார்ட் பெயரில் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது ஆஸ்கோ என்ற அமெரிக்க மருந்துக்கடை நிறுவனத்தின் கணக்கை 1992 வாக்கில் தரவுக் கிடங்கு நிறுவனமான டெராடேட்டாவின் குழு ஆராய்ந்தபோது கிடைத்தது. 25 கடைகளின் 12 லட்சம் பில்களில், மாலை 5 முதல் 7 மணிக்குள் அந்த ஜோடி தென்பட்டது. ஆனால் அதற்காக அலமாரிகளை யாரும் மாற்றி வைக்கவில்லை.

வால்மார்ட்டின் உண்மைக் கதை அதைவிட உபயோகமானது. 2004இல் பிரான்சிஸ் புயல் ஃபுளோரிடாவை நோக்கி வந்தபோது, சில வாரங்களுக்கு முன் அடித்த சார்லி புயலின் விற்பனைக் கணக்கைக் கிடங்கிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். டார்ச் லைட் விற்கும் என்று யாருக்கும் தெரியும். ஆனால் புயலுக்கு முன் ஸ்ட்ராபெர்ரி பாப்-டார்ட்ஸ் வழக்கத்தைவிட ஏழு மடங்கு விற்கிறது என்பதைக் கணக்குதான் சொன்னது. அடுப்பு இல்லாமலே சாப்பிடக்கூடிய பண்டம் அது. உடனே லாரிகளில் ஏற்றி அனுப்பினார்கள். பழைய கணக்கை அழிக்காமல் வைத்திருந்ததன் பலன்.

வாங்குகிற நமக்கும் இதில் உரிமை உண்டு. பில் போடக் கைபேசி எண் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் கடைகளுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. எண் கொடுக்க விருப்பமில்லை என்று தயங்காமல் சொல்லுங்கள். கட்டாயப்படுத்தி வாங்கும் எண் பொய்யாகத்தான் இருக்கும். பொய்க் கணக்கால் கடைக்கும் லாபமில்லை.

கடை நடத்துகிறவர்களுக்கு ஒன்று. எதோடு எது விற்கிறது என்று அறிய யாருடைய பெயரும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். பில் மட்டும் போதும். பொருளுக்கு எல்லாக் கிளையிலும் ஒரே பெயர் வையுங்கள், பழைய பில்லை அழிக்காதீர்கள். மென்பொருள் வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம். இந்த இரண்டையும் இன்றைக்கே, செலவில்லாமல் தொடங்கலாம்.